டாக்டர் காத்திருக்கச் சொல்லவில்லை

தம்பி,

நீ நலமா என்று கேட்டு, நாங்களும் நலம் என்று எழுதி, அதற்கப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வருவதுதான் நம் வீட்டுக் கடிதங்களின் வழக்கம். இன்று விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரித்து முடிப்பதற்குள் என் தைரியம் போய்விடும். என்னுடைய இடது கண்ணுக்கும் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆகி ஐந்து வாரம் முடிந்துவிட்டது. நேற்றுக் காலை டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பலகையில் இருக்கிற எழுத்தைக் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் என்னைப் படிக்க வைத்தார், "நல்லா இருக்கு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினாப் போதும்" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்து உன் அம்மாவும் நானும் ஆளுக்கு ஒரு ரோஸ் மில்க் குடித்தோம். இந்தக் கடிதத்தை இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் எழுதுகிறேன். கோடு போடாத தாள். வரி நேராகப் போகிறதா இல்லையா என்று நீயே பார்த்துக்கொள்.

உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சொன்னால் லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மஸ்கட்டிலிருந்து அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய். அதனால்தான் இந்த ஐந்து வெள்ளிக்கிழமையும் உன் போனை அம்மாவே எடுத்து, "அப்பா கடையில இருக்காங்கய்யா" என்று சமாளித்தாள். நான் பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சினிமா வில்லன் மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது சின்னப் பொய். பெரிய பொய் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். "இடது கண்ணு இன்னும் முத்தலைய்யா, டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருக்காங்க" என்று பத்து மாதமாக உன்னிடம் சொல்லிக்கொண்டு வந்தேனே, டாக்டர் அப்படி ஒரு நாளும் சொல்லவில்லை. காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். போனில் இதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போனில் என்றால் வழக்கம்போல் பாதியை விழுங்கிவிடுவேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பார்வை மங்கியது எனக்கு முதலில் தெரியவே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். முப்பது வருஷமாக தி. நகரில் மேட்சிங் ப்ளவுஸ் துணி விற்கிறவன் நான். புடவையைப் பிரித்துப் போட்டால், தலைப்பைப் பார்க்காமலே, இது மயில்கழுத்து, இது ராமர் பச்சை, இது வெங்காயத்தோல் என்று சொல்லி, எட்டுத் தட்டில் எந்தத் தட்டு என்று திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுப்பேன். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. கண் மங்க மங்க, கை தன்பாட்டுக்குத் தட்டைக் கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. கண் பார்க்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் ட்யூப் லைட்டை மாற்றினேன், அப்புறம் இன்னொன்று போட்டேன், அப்புறம் மின்வாரியத்தைத் திட்டினேன். கண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை.

சுடலைமுத்து அண்ணன் நம் கடையில் நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து துணி வெட்டுகிறவர். உனக்குத் தெரியாதது, அவரைப் பார்த்து நான் ஒரு நாள் வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினது. அவர் சொந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்த வாரம். மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மாள் கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடவையோடு வந்தார், பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம். எடுத்துக் கொடுத்தேன், நானே வெட்டினேன். நாலு நாள் கழித்துத் தைத்த ரவிக்கையோடு திரும்பி வந்தார். "வாங்கிண்டு போறச்சே ஒண்ணும் தெரியலை. ஆத்துல போய் வாசல் வெளிச்சத்துல பார்த்தா, புடவை கத்தரிப்பூ, ரவிக்கை காப்பிக்கொட்டை! விடிஞ்சா நிச்சயதார்த்தம், நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ" என்று அழாத குறை. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அன்று காலைதான் ஊரிலிருந்து வந்திறங்கியிருந்த சுடலை அண்ணனைப் பார்த்து, "தட்டை மாத்தி அடுக்கி வச்சிட்டுப் போனீரோ? இத்தன வருசம் கழிச்சும் ஒமக்கு நெறம் தெரியலையா?" என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரியான துணியை எடுத்து வெட்டி அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு, "நம்ம டெய்லர்ட்ட குடுத்து சாயங்காலத்துக்குள்ள தச்சி வாங்கித் தாரேம்மா" என்றார். தைத்தும் வாங்கிக் கொடுத்தார். மனதுக்குள் எனக்குச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான், தம்பி. இருந்தாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த மாதம் நீ லீவில் வந்தாய். பஸ் நம்பரை நான் பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்து என்னைக் கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம் என்றார்கள். நீ நாள் குறிக்கச் சொன்னாய். நான் என் காலண்டரை எடுத்தேன். ஆடியில் தள்ளுபடிக் கூட்டம், அப்புறம் ஆவணி முகூர்த்தம், அப்புறம் தீபாவளி, பொங்கல். புடவைக் கடைக்காரன் கண்ணுக்கு எந்த மாதம்தான் நல்ல மாதம்? கூடவே, முத்தட்டும் என்ற பேச்சு. என் அப்பா காலத்தில் புரை முற்றினால்தான் எடுப்பார்கள். அவர் முற்றுவதற்காகக் காத்திருந்து, இரண்டு வருஷம் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவன், அதே பேச்சைப் பேசினேன். நீ மஸ்கட் திரும்பிய பிறகும் விடாமல் நச்சரித்துத்தான், போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு நான் போனேன்.

அன்று டாக்டரம்மா சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "முத்தணும்கறதெல்லாம் பழைய கதை சார். இப்ப உள்ளேயே லென்ஸ் வைக்கிறோம். உங்க வேலைக்கு இடைஞ்சல்னா அதுதான் சரியான நேரம்" என்றார். அப்படியானால் இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள், ஒரே அவதியாகப் போய்விடும் என்றேன். அவர் சிரித்தார். "ஒரே நாள்ல வேண்டாம். மோசமான கண்ணை முதல்ல பண்ணுவோம். அது ஆறி, பார்வை நின்னு, எல்லாம் சரியா இருக்குன்னு பார்த்துட்டு அடுத்தது. தற்செயலா ஏதாவது ஆச்சுன்னா இன்னொரு கண் கையில இருக்கணும் இல்லையா? ஆறு வாரம் கழிச்சு வாங்க. ஆனா அதையே சாக்கா வச்சு அடுத்ததைத் தள்ளிப் போட்டுடாதீங்க. ஒரு கண் ஒரு மாதிரி, இன்னொரு கண் ஒரு மாதிரின்னா படி இறங்கும்போது தடுமாறும்." உன் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் கேட்டாள்.

வலது கண்ணில் கட்டு அவிழ்த்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை போனில் உனக்குச் சொன்னேன். சுவர் வெள்ளையாக இருந்தது என்று சொன்னேன், நீ சிரித்தாய். உண்மையாகவே நம் வீட்டுச் சுவர் வெள்ளை என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கடைக்குத் திரும்பிய நாளில் வலது கண்ணை மூடி இடது கண்ணால் ஒரு தட்டைப் பார்த்தேன், டிகாஷன் ஊற்றியது போல் எல்லாம் பழுப்பு. இடதை மூடி வலதால் பார்த்தேன், நீலம் நீலமாக இருந்தது. அந்த வேடிக்கை எனக்கு அலுக்கவில்லை. மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே புடவையோடு நின்ற மாமி ஒருவர், "என்ன சார் இது, இந்த வயசுல கண் அடிக்கறேள்!" என்று கேட்டுவிட்டார். கடையே சிரித்தது. சுடலை அண்ணன் துணி வெட்டுகிற மேசைக்குக் கீழே குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கத்தரிப்பூத் தட்டும் காப்பிக்கொட்டைத் தட்டும் அடுத்தடுத்து இருந்தன. வலது கண்ணுக்கு இரண்டும் வேறு, இடது கண்ணுக்கு இரண்டும் ஒன்று. அன்று யாருக்கு நிறம் தெரியவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அப்போதாவது நான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் கஷ்டமான இடம், அதனால் நடுவில் எழுந்து போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன். பயம் என்று எழுதிவிடலாம், யாரும் நம்பிவிடுவார்கள். பயம் இல்லை, தம்பி. ஆபரேஷனுக்கு முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வாய், அம்மாவிடம் பத்து நிமிஷம், என்னிடம் "கடை எப்படிப்பா" என்று ஒரு நிமிஷம். ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டாய், என்னைத்தான் முதலில் கேட்டாய். மருந்து போட்டீர்களா, கண் உறுத்துகிறதா, மழையில் நடக்காதீர்கள் என்று என்னை அதட்டினாய். ஒரு வெள்ளிக்கிழமை, "ரெண்டாவது கண்ணும் முடிஞ்சிட்டா எனக்கு நிம்மதிப்பா. இல்லேன்னா நானே அங்க வந்துடலாமான்னு பாக்குறேன்" என்றாய். போனை வைத்தபிறகு அந்த இரண்டாவது வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நீ கேட்டபோது, "டாக்டர் காத்திருக்கச் சொல்றாங்கய்யா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு கண் கெட்டுக் கிடக்கிற வரைக்கும் நீ என்னோடு பேசுவாய், ஒருவேளை வந்தும்விடுவாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் காரணம்.

டாக்டரம்மா சொன்னது சொன்னபடியே நடந்தது. காப்பியை ஆற்றினால் டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டேன். கார்த்திகை மாதம் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இறங்கும்போது, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன், இன்னும் இரண்டு படி இருந்தது. கீழே கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் ஓடி வந்து தூக்கினாள். "இன்னா நைனா, பாத்து எறங்க மாட்டே? கண்ணு தெர்லன்னா வூட்ல கீற பசங்கள இட்டுக்கினு வர்றதுதானே?" என்றாள். பையன் மஸ்கட்டில் இருக்கிறான் என்றேன். "அப்ப கண்ணையாச்சும் சரி பண்ணிக்கோ" என்றாள். முழங்கையிலும் முட்டியிலும் தோல் பெயர்ந்ததோடு தப்பித்தேன். உன்னிடம் நான் விழுந்ததைச் சொன்னேன், கொஞ்சம் கூட்டியே சொன்னேன். ஏன் விழுந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

மார்கழி பிறந்த மறுநாள் உன் கடிதம் வந்தது. கம்பெனியில் ஒரு முழு கட்டுமான சைட்டையும் உன் பொறுப்பில் கொடுப்பதாகச் சொன்னார்கள், நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாய், மாசிக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்து கடையைப் பார்த்துக்கொள்வாய், அப்பாவை இப்படித் தனியாக விட முடியாது என்று எழுதியிருந்தாய். கடையில் இருந்தால் உனக்கு மூச்சு முட்டும் என்பது எனக்குத் தெரியும். காலேஜ் படிக்கும்போது தீபாவளிக் கூட்டத்தில் உன்னைக் கல்லாவில் உட்கார வைத்தால், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். தெரிந்தும், கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "ஏங்க, டாக்டர் எப்பங்க காத்திருக்கச் சொன்னாங்க? நானும்தான அன்னைக்குக் கூட இருந்தேன்" என்றாள். அப்படியானால் பத்து மாதமாக ஏன் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எரிந்து விழுந்தேன். "எனக்கும் அவன் வந்தாத் தேவலைன்னுதான் இருந்துச்சு. அதான் வாய மூடிட்டுக் கெடந்தேன். நம்ம ரெண்டு பேரும் சேர்ந்துல்லா பிள்ளைய ஏமாத்திட்டோம்" என்றாள். அழுதாள். நானும் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாளே போனோம். மார்கழியில் யாராவது கண்ணில் கத்தி வைப்பார்களா என்று மாடி வீட்டுக்காரர் கேட்டார். கண்ணுக்கு மார்கழியும் தெரியாது தையும் தெரியாது என்று உன் அம்மா சொன்னதில் அவர் மாடிக்கே போய்விட்டார். டாக்டரம்மா என் சீட்டைப் புரட்டிப் பார்த்து, "ஆறு வாரம்னா உங்க கணக்குல எத்தனை மாசம் சார்?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். புரை இறுகிப்போயிருப்பதால் முதல் கண்ணைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்றார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். நான் செய்த காரியத்துக்கு இந்தக் கண் போய்விட்டால், அதையும் நீ உன் தலையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பாயே என்று பயந்தேன். மேசையில் படுத்திருந்த நேரம் முழுவதும் என் கண்ணுக்காக வேண்டிக்கொள்ளவில்லை. இந்தப் பிள்ளைக்கு இன்னொரு காரணம் கொடுத்துவிடாதே என்றுதான் வேண்டினேன். கட்டு அவிழ்த்ததும் டாக்டரம்மா இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு என்றேன். அவர் பின்னால் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளையும் பார்த்தேன், மூக்குத்தி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தாள்.

போன வாரம் கடைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் சுடலை அண்ணனைக் கூப்பிட்டு, நிச்சயதார்த்த ரவிக்கை விஷயத்தில் தப்பு என்னுடையது, அவரைப் பேசினதற்கு என்னை மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கத்திரிக்கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. வலது கண்ணு சரியாகுததுக்கு முன்ன ரெண்டு வருசமா நீங்க நெறம் மாத்தித்தான் எடுத்துக் குடுத்தீங்க. நான் வெட்டுத எடத்துல வச்சி மாத்திப்புடுவேன். கொடைக்குப் போன வாரம்தான் ஆள் இல்லாம அப்படி ஆயிட்டு" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "எப்படிச் சொல்லுதது? நெறம்னாலே நீங்கதான்னுல்லா இந்தத் தெருவே சொல்லுது" என்றார். என் பெருமையை இரண்டு வருஷம் அந்த மனுஷன் சத்தமில்லாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு நான் அவரைப் பார்த்து நாலு பேர் முன்னால் கத்தினேன். மன்னிப்பை நான் நாலு பேர் முன்னால் கேட்கவில்லை என்று இரவு உன் அம்மா எடுத்துச் சொன்னாள். அடுத்த நாள் கூட்ட நேரத்தில் மறுபடியும் கேட்டேன். அவருக்குத்தான் ரொம்பக் கூச்சமாகப் போய்விட்டது.

அப்பா என்ற முறையில் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் அல்லவா. எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். உடம்பில் ஒன்று கெட்டுவிட்டது என்று தெரிந்தால், சரி செய்ய வேண்டிய நாளில் சரி செய்துகொள். அதைக் காட்டி யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்காதே. உன் மனதில் இருக்கிற ஆசையை டாக்டர் சொன்னார், ஜோசியர் சொன்னார் என்று அடுத்தவர் வாயில் திணிக்காதே. நான் வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்திருக்கிறேன். நீ முதல் தடவை மஸ்கட் கிளம்பிய அன்று, சரக்கு இறங்குகிறது என்று சொல்லி ஏர்போர்ட்டுக்கு வராமல் இருந்தேனே, அன்று சரக்கு எதுவும் இறங்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ உள்ளே போவதைப் பார்க்க என்னால் ஆகாது என்று அப்போதே சொல்லியிருந்தால், நீ எட்டு வருஷமாக அப்பாவுக்குக் கடைதான் பெரிது என்று நினைத்திருக்க மாட்டாய்.

மாசிக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த சைட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. உனக்கு அது பிடித்திருந்தால், அதைப் பிடித்துக்கொள். கடையை நானும் சுடலை அண்ணனும் பார்த்துக்கொள்வோம். இந்த ஆடிக் கூட்டத்தை இரண்டு பேரும் ஒரு கை பார்க்கப் போகிறோம். இல்லை, உனக்கே ஊருக்கு வந்துவிடலாம் என்று தோன்றினால் அது வேறு, தாராளமாக வா. எனக்காக என்று மட்டும் வராதே. படி இறங்கத் தெரியாத கிழவன் ஒருவன் மேற்கு மாம்பலத்தில் கிடக்கிறான் என்ற நினைப்பை இன்றோடு விட்டுவிடு. நான் எழுதியதை எல்லாம் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால், வெள்ளிக்கிழமை போன் செய்து நன்றாகத் திட்டு. இந்தத் தடவை போனை நானே எடுப்பேன்.

கண் இரண்டும் சரியாகிவிட்டது. இனி உன்னைக் கூப்பிட என்னிடம் ஒரு காரணமும் இல்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா